உப்பில் ஏறிய ஈரம்

சாக்பீஸ் டப்பா ஒன்றில் பஞ்சைப் பரப்பி, நடுவே ஒரு கண்ணாடிக் குப்பியை நிறுத்தி வைத்திருந்தாள் அக்கா. பெரிய குப்பிக்குள் ஒரு சின்னக் குப்பி. சின்னதில் கருஞ்சிவப்பாக ஒரு கரைசல், பெரியதின் அடியில் நிறமில்லாத இன்னொரு திரவம். காற்று புகாதபடி மூடி, மூடியைச் சுற்றி மெழுகுத்தாள் ஒட்டியிருந்தது. அடியிலிருக்கும் திரவத்தின் ஆவி மெல்ல மெல்லக் கரைசலுக்குள் இறங்கினால் படிகம் வளரும். அசைக்கக் கூடாது, திறக்கக் கூடாது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவும் கூடாது. அது ஆடி மாதம். செங்கோட்டைக் கணவாயில் புறப்படுகிற காற்று தடுப்பாரில்லாமல் வந்து எங்கள் துறைக் கட்டிடத்தில்தான் முதலில் மோதும். ஜன்னல் கண்ணாடிகள் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும். அக்கா டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போய், உள்ளங்கையை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்தாள். கடைசியில் பண்டக அறையில், சுவரோடு சேர்ந்த அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு வெளியே வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"ஏட்டி, நீ போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வா. நான் போனா கை வச்சிருவேன்" என்றாள் என்னிடம்.

அக்கா என் உடன்பிறந்தவள் அல்ல. ஆராய்ச்சி மாணவிகளை எம்.எஸ்ஸி. பிள்ளைகள் நாங்கள் அப்படித்தான் அழைப்போம். நான் இரண்டாமாண்டு. என் புராஜெக்டுக்காக என்னை அக்காவோடு சேர்த்துவிட்டிருந்தார் சார். அவர்தான் எங்கள் இருவருக்கும் வழிகாட்டி. அக்காவுக்குப் புன்னக்காயல். அப்பா கடலுக்குப் போகிறவர். எனக்கு ஸ்ரீவைகுண்டம். ஆறு எங்கள் ஊர் அணையைத் தாண்டி அவள் ஊரில் போய்க் கடலில் சேருகிறது. இரண்டு பேரும் ஆற்றோரத்துப் பிள்ளைகள். படிக்க வந்து சேர்ந்ததோ திருநெல்வேலிக்கு மேற்கே உடைமரமும் செம்மண்ணுமாகக் கிடந்த ஒரு பொட்டலில்.

நாங்கள் படித்தது ஆர்கனோமெட்டாலிக். உலோக அணு ஒன்று கார்பன் அணு ஒன்றோடு நேராகக் கைகோத்திருக்கும் சேர்மங்களைப் பற்றிய வேதியியல். வகுப்பில் அது எனக்குப் பிடித்த கணக்காக இருந்தது. உலோகத்தைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான் என்று கரும்பலகையில் கூட்டுவோம். பதினெட்டு வந்தால் சேர்மம் நிலைத்து நிற்கும் என்பார் சார், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார். கூட்டிப் பார்க்கும்போது உலகமே ஒரு ஒழுங்கில் இருப்பதுபோலத் தோன்றும். ஆய்வகத்துக்குள் போனால் அந்த ஒழுங்கு காணாமல் போய்விடும். அங்கே காற்றும் தண்ணீரும் பகை. கண்ணாடிச் சாமான்களை அடுப்பில் காயவைத்து, சூட்டோடு எடுத்து, உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியேற்றி நைட்ரஜனை நிரப்ப வேண்டும். கரைப்பானில் சோடியம் துண்டுகளும், ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும் பொடி ஒன்றும் போட்டுக் கொதிக்க விட வேண்டும். துளி ஈரம்கூட இல்லாமல் வற்றிய பிறகுதான் அதில் கருநீலம் வரும். அந்த நீலத்துக்காகக் காலை முழுக்க நின்றிருக்கிறோம். வந்த நீலம், நாங்கள் சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் வெளுத்துப் போயிருக்கும். எங்கிருந்து ஈரம் புகுந்தது என்று தெரியாது. திரும்பவும் முதலிலிருந்து.

இப்படி ஒரு வேலைக்கு நிதானமான ஆள் வேண்டும் என்று நினைப்பீர்கள். அக்கா நிதானமான ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டிருக்கும். வினை நடந்துகொண்டிருக்கும்போது குடுவையைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஆனால் ஊசியால் திரவத்தை எடுத்து ரப்பர் மூடி வழியே குடுவைக்குள் விடும்போது மட்டும் அவள் கை அசையாது. உடம்பின் தவிப்பெல்லாம் அந்தக் கை வரைக்கும் வந்து நின்றுவிட்டதுபோல இருக்கும். எனக்கும் அந்த வருஷம் ஒரு தவிப்பு இருந்தது. படிப்பு முடிந்ததும் ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனி வேலைக்குப் போவதா, அக்காவைப்போல ஆராய்ச்சியில் இறங்குவதா என்று முடிவு செய்யாமல், அவளையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் செய்திருந்தது ஒரு கோபால்ட் சேர்மம். பெரிய மூலக்கூறு ஒன்றின் நடுவே கோபால்ட் அணு. அதன் பக்கத்தில் மெத்தில் என்கிற ஒரு கார்பன் தொகுதி. அப்படி ஒன்றை அந்த அமைப்பில் அதுவரை யாரும் செய்ததில்லை. அதைப் பற்றிய கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது. முதல் பெயர் அக்காவுடையது. ஓய்வு பெறுவதற்கு முன் பேர் சொல்லும்படி ஒன்று வருகிறது என்ற சந்தோஷம் சாருக்கு. வெளிக்காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் அந்த நாட்களில் தேநீர் குடிக்க அவரே எங்களைக் கூப்பிடுவார். அச்சேறுவதற்கு முன் படிகத்தின் எக்ஸ்ரே படமும் கிடைத்தால் அணுக்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று கண்ணாலேயே காட்டிவிடலாம். அதற்குத்தான் அந்தச் சாக்பீஸ் டப்பா. அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்றும் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் மணப்பாடு, கப்பலில் வேலை. தையில் விடுப்பில் வருவார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

படிகம் வளர்ந்தது. ஊசி ஊசியாக, மாதுளை முத்தின் நிறத்தில். அக்கா அதைச் சென்னைக்கு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போய், எக்ஸ்ரே கருவி இருக்கும் ஒரு நிறுவனத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். புரட்டாசியில் முடிவு மின்னஞ்சலில் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். திரையில் பந்துகளும் குச்சிகளுமாக மூலக்கூறு சுழன்றது. நாங்கள் வரைந்து வைத்திருந்த அதே உருவம். நான் கைதட்டப் போனேன். அக்கா கோபால்ட்டுக்கும் அதன் பக்கத்து அணுவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் குட்டையா இருக்கு" என்றாள். "கார்பன்னா இவ்வளவு ஒட்டி நிக்காது ட்டி. இது ஆக்சிஜன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மெத்தில் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் நின்றிருந்தன. ஈரம் எங்கேயோ புகுந்து, கார்பனைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. எடை பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கார்பனோடு பிணைப்பு இல்லை என்றால் அது ஆர்கனோமெட்டாலிக்கே இல்லை. அக்கா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சாருடைய அறைக்குப் போனாள். யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். "ஏம்மா, இது ஒரே ஒரு படிகம். குப்பியில கெடந்து கெட்டுப்போனதா இருக்கலாம்லா. நீ செஞ்ச மொத்தப் பொருளும் இப்படித்தான்னு இதை வச்சு எப்படிச் சொல்ல?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வளருகிற நாட்களில் ஒரு துளி ஈரம் இறங்கியிருந்தால் படிகம் மட்டும் கெட்டிருக்கும். மொத்தப் பொருளும் நல்லதாகவே இருக்கலாம்.

"சார், ஐ.ஆர். படத்துல ஒரு சின்ன முனை இருந்ததுல்லா" என்றாள் அக்கா.

அந்த முனையை நானும் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருந்தால் காட்டுகிற முனை. அகச்சிவப்புக் கருவியில் வைப்பதற்காகச் சேர்மத்தைப் பொட்டாசியம் புரோமைடு என்ற உப்போடு அரைத்து வில்லையாக அழுத்துவோம். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் துறையில் யார் படம் எடுத்தாலும் அந்த இடத்தில் ஏதாவது மேடு எழும். உப்பில் ஏறிய ஈரம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த முனையைப் பார்க்கப் போய்விடுவோம்.

"அது உப்புல ஏறுன ஈரம்மா" என்றார் சாரும்.

"இருக்கலாம் சார். இல்லன்னா?"

 கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. ஆய்வேட்டில் பாதி அந்தச் சேர்மம்தான். ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கெட்டுப்போன படிகம் என்று ஒதுக்கிவிட்டு வேறொரு படிகம் வளர்த்திருக்கலாம். இதெல்லாம் எனக்கே தோன்றியது என்றால் அவர்கள் இருவருக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. சார் கடைசியில், "திரும்பச் செஞ்சு பாரு. அதுவரை நான் அவியளுக்கு ஒண்ணும் எழுதல" என்றார். இதழ்க்காரர்களைத்தான் சொன்னார். குரல் உள்ளே போயிருந்தது.

திரும்பச் செய்ய வேண்டிய காலம் மழைக்காலமாக அமைந்தது. ஐப்பசியில் தொடங்கிக் காற்றெல்லாம் தண்ணீர். சுவர் வியர்த்தது. காயவைத்த குடுவை ஆறுவதற்குள் அதன் வெளிப்புறம் பனித்தது. கருநீலம் நிற்கவே இல்லை. அக்கா விடுதியில் சாப்பிட்டாளா, எப்போது உறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. காலையில் நான் போகும்போது அவள் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பாள். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசுவாள். "ஆமா... முடிஞ்சிரும்... இல்லம்மா, பொடவை பிறகு எடுக்கலாம்" என்ற துண்டுகள் காதில் விழும். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஆறு கரைக்குள் அடங்கவில்லை. எங்கள் ஊரில் தெருவுக்குள் தண்ணீர் என்று அம்மா சொன்னாள். நாங்கள் மேட்டுத்தெரு, தப்பித்துவிட்டோம். எங்களைத் தாண்டிய தண்ணீரெல்லாம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அக்கா வினையை அப்போதுதான் தொடங்கியிருந்தாள். அவள் அப்பாவின் அழைப்பு வந்தது. "ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துட்டு. எல்லாரும் கோயில்ல இருக்கோம். பயப்படாத. நீ இப்ப வரவும் முடியாது, ரோடு இல்ல" என்றார். கைபேசியை வைத்துவிட்டு அக்கா குடுவையைப் பார்த்தாள். உள்ளே ஒரு துளி ஈரம் புகாமல் அவள் காத்துக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே அவள் வீட்டுக் கட்டில் மிதந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. "சிரிப்பாணியா இருக்கு ட்டி" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அது சிரிப்பாக வரவில்லை.

சாலை திறந்ததும் அவள் ஊருக்குப் போனாள். குடுவைகளுக்குள் நைட்ரஜன் ஓட்டம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தாள். திரும்பி வந்தபோது அவள் நகக்கண்களில் சேறு காய்ந்திருந்தது. வந்த அன்றைக்கே அடுப்பில் குடுவைகளை வைத்தாள். ஊரில் என்ன நடந்தது என்று பிறகு, கரைப்பான் கொதிக்கிற நேரத்தில், என்னைப் பார்க்காமல் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளம் வடிந்ததும் பார்க்க வந்திருக்கிறார். நல்ல மாதிரி பேசியிருக்கிறார். வீடு கிடக்கிற கிடப்புக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், தையில் கோயிலில் வைத்து முடித்துவிடலாம், மகன் கூடவே அழைத்துப் போய்விடுவான் என்றிருக்கிறார். அக்கா ஒரு வருஷம் கேட்டிருக்கிறாள்.

"என்னத்துக்குன்னு கேட்டாவ. செஞ்சது தப்பா இருக்கும்போல, சரி பாக்கணும்னு சொன்னேன். தப்புன்னு யார் சொன்னாங்கன்னு கேட்டாவ. நான்தான்னு சொன்னேன்." கொதிக்கும் குடுவையின் அடியில் சூட்டைக் குறைத்தாள். "அவியளுக்கு அது வெளங்கல. எங்கம்மாவுக்கும் வெளங்கல. அவரு போன்ல பேசுனாரு. ஒரு வருசம்லாம் எப்படின்னாரு. அவரு கேட்டதும் சரிதானே."

அதற்குமேல், நின்றுபோன அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியதில்லை.

மார்கழியில் புதிதாகச் செய்த பொருள் கையில் இருந்தது, அதன் படத்திலும் அதே முனை. இனிச் சோதனை. அக்கா யோசித்த வழி எளிமையானது. கன நீர் என்று ஒன்று உண்டு. அதில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான உடன்பிறப்பு இருக்கும். அதில் ஒரு துளியைச் சேர்மத்தோடு சேர்த்துவிட்டு, மிச்சத்தை இழுத்து வெளியேற்றிக் காயவைத்து, வழக்கம்போல உப்போடு அரைத்துப் படம் எடுக்க வேண்டும். முனை உப்பில் ஏறிய ஈரத்தால் வருவது என்றால், அது சாதாரணத் தண்ணீர், எனவே இருந்த இடத்திலேயே இருக்கும். சேர்மத்துக்குள்ளிருந்து வருவது என்றால், கனமானது உள்ளே ஏறிக்கொள்ளும், முனை வலப்பக்கமாக நகர்ந்துவிடும். எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அக்கா அந்த இடத்தைப் பென்சிலால் ஒரு தாளில் குறித்து வைத்தாள்.

கருவி இருக்கும் அறைக்குச் சாரும் வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கோடு இடப்பக்கமிருந்து வரையத் தொடங்கியது. பழைய இடத்தில் ஈரத்தின் மழுங்கிய மேடு மட்டும் வந்தது, கூரான முனை இல்லை. கோடு சமதளமாக ஓடியது. நகரக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இத்தனைக்குப் பிறகும், பொருள் நல்லதாக இருந்துவிட வேண்டும் என்றே ஆசைப்பட்டேன். பென்சில் குறித்த இடம் வந்ததும் கோடு சட்டென்று மேலே ஏறி இறங்கியது.

"நகந்துட்டு" என்றார் சார்.

அக்கா தலையாட்டினாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை. சார் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, "நானும் அந்த முனையப் பாத்தேன்மா. ஈரமா இருக்கட்டும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு தன் அறைக்குப் போய், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினார். மறுநாள் அவர் துறைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தபோது நேராக எங்கள் மேசைக்கு வந்தார். "கார்பன் அங்கன நிக்க மாட்டேங்குன்னு தெரிஞ்சு போச்சு. எப்படி உடையுதுன்னு பாப்போமா?" என்று கேட்டார். அக்கா அன்றைக்குத்தான், பல மாதத்துக்குப் பிறகு, தேநீரை ஆறவிடாமல் குடித்தாள்.

சித்திரையில் நான் படிப்பை முடித்தேன். ஹைதராபாத் வேலையை எடுத்துக்கொண்டேன். அவளைப் பார்த்துப் பயந்து ஓடினேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பதில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக இருக்கிறது. அக்கா இன்னும் இரண்டு மழைக்காலம் அங்கேயே இருந்தாள். கோபால்ட்டிடமிருந்து கார்பனைத் தண்ணீர் எப்படிப் பிரிக்கிறது என்பதே அவள் ஆய்வேடு ஆனது. சார் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வாய்மொழித் தேர்வு நடந்தது. விடுப்பெடுத்துக்கொண்டு வந்தேன். அவள் பேசி முடித்து, கேள்விகளும் முடிந்து, எல்லோரும் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் அப்பா வெள்ளைச் சட்டையில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மொதல்ல செஞ்சது தப்புன்னு இவளே எல்லாருக்கும் முன்னால சொல்லுதா" என்றார். "அதுக்குப் பொறவும் கைதட்டுதாவ. அப்படியாம்மா உங்க படிப்பு?"

அப்படித்தான் என்றேன். அப்படித்தான் என்று சொல்லிவிட முடியுமா என்ற சந்தேகம் சொல்லும்போதே எனக்கு இருந்தது. அவர் மகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே, "நல்ல படிப்புதான்" என்றார்.

அக்கா இப்போது வட மாவட்டம் ஒன்றில் கல்லூரிப் பேராசிரியை. அவளிடம் ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஹைதராபாத்தில் குளிரூட்டிய ஆய்வகம், ஈரத்தை அளந்து சொல்லும் கருவி, காற்றே புகாத கண்ணாடிப் பெட்டி எல்லாம் உண்டு. எதுவும் கெட்டுப் போவதில்லை. எங்கள் பொருள் சரிதானா என்று நான் கேட்க வேண்டியதும் இல்லை, அதற்கென்று வேறொரு பிரிவு இருக்கிறது. ஆனாலும் சில சாயங்காலங்களில் காரணமில்லாமல் எழுந்து நடக்கிறேன். போன வாரம் அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் அவள் அழைத்தாள்.

மாணவன் ஒருவன் இரும்பில் ஒரு சேர்மம் செய்திருக்கிறானாம். புதிது. யாரும் செய்யாதது. "நல்லா இருக்கு ட்டி. ரொம்ப நல்லா இருக்கு. அதான் எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு" என்றாள். அவளும் நடந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது.

"எதாவது இடிக்கா அக்கா?"

"ஒரு எண் இடிக்கு. சின்னதுதான். கண்ண மூடிக்கிட்டா ஒண்ணுமே இல்ல."

"அவன்ட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லத்தான் போனேன். அவன் அவிய அம்மாவுக்குப் போன்ல சொல்லிட்டு நிக்கான். என்னென்னமோ சொல்லுதான். கேட்டுட்டுப் பைய வெளிய வந்துட்டேன்." அவள் நடை நின்றது. "அன்னைக்கு அந்தப் படத்த எடுத்துக்கிட்டு நேரா சார்ட்டப் போயி நின்னேன்லா. எனக்கு ஒண்ணுமே தோணல அப்ப. சார் எப்படி உக்காந்திருந்தாவன்னு இப்பத்தான் தெரியுது."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. என்னைத் துண்டிக்க மறந்துவிட்டாள். தூரத்தில் ஒரு பையன், "மேடம், அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்" என்றான்.

"பேசுதேன் தம்பி" என்றாள் அக்கா. "நீ மொதல்ல இங்கன வந்து உக்காரு."